தந்தையை இழந்த இளையோர்: பாரி மகளிர் முதல் பாரதி வரை

திருப்பதியில் குடியிருப்போர்க்கு மலை நாள்தோறும் கண்ணிற்படும் காட்சி. காலையில் வாயிற்கதவைத் திறந்தாலும் மாலையில் அலுவலகம் விட்டுத் திரும்பினாலும் அது எதிரே நிற்கிறது. வெளியூரார் பல நாள் பயணம் செய்து வந்து ஏறும் அம்மலையில், அடிவாரத்திலேயே இருந்துகொண்டு ஓராண்டுக் காலம் ஏறாத வீடுகளும் இவ்வூரில் உண்டு. தாயோ தந்தையோ மறைந்த ஆண்டில் மலைக்கோயிலுக்குச் செல்வதில்லை என்னும் வழக்கம், தமிழர், தெலுங்கர் என்ற வேறுபாடின்றிப் பல குடும்பங்களில் இருந்து வருகிறது. அந்த ஓராண்டில் அவ்வீட்டுப் பிள்ளைகள் மலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. மலை மாறவில்லை; அவர்கள் மாறிவிட்டார்கள்.

தந்தையை இழந்து ஒரு திங்கள் கழிந்த நிலையில், தாம் இழந்த மலையை நினைந்து பாடிய இரண்டு இளம்பெண்கள் நம் இலக்கியத்தில் உள்ளனர். பாரி மகளிர் என்ற பெயரில் புறநானூற்றில் இடம்பெற்றுள்ள 112 ஆம் பாட்டு அவர்களுடையது. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாட்டு அது. அறிந்த பாட்டாக இருப்பதனாலேயே நாம் அதனை ஊன்றிப் படிப்பதில்லையோ என்ற ஐயம் நமக்கு உண்டு. பெற்றோரை இழந்த இளம்பருவத்தினர் தம் துயரை எவ்வாறு தாங்குகின்றனர் என்னும் வினாவுக்கு நம் இலக்கியம் தரும் விடைகளை, அப்பாட்டிலிருந்து தொடங்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து அடியில் ஒரு கணக்கு

பறம்பு மலைக்குத் தலைவனாகிய பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். போரில் வெல்ல இயலாமையின் வஞ்சனையால் கொன்றனர் என்பது பழைய உரையால் அறியப்படும் செய்தி. அவனுடைய பெண்மக்கள் பாடிய பாட்டு ஐந்தே அடிகளைக் கொண்டது. திணை பொதுவியல், துறை கையறுநிலை. முன்னைத் திங்களின் நிலவொளியில் தமக்குத் தந்தை இருந்தான், மலையும் தம்மிடம் இருந்தது. இந்தத் திங்களின் நிலவொளியிலோ வேந்தர் மலையைக் கைக்கொண்டனர், தமக்குத் தந்தையும் இல்லை. பாட்டின் பொருள் இவ்வளவே.

இதில் வெற்றி முரசுடைய வேந்தர் என்று பகைவரைக் குறித்தது இகழ்ச்சிக் குறிப்பு என உரையாளர் காட்டுவர். வகுப்பறையிலும் மேடையிலும் நாம் பெரும்பாலும் இக்குறிப்போடு நின்றுவிடுகிறோம். மூவேந்தரின் வஞ்சனை, பாரியின் கொடை, செல்வ நிலையாமை ஆகியவை பேசப்படுகின்றன. பாடியவர்கள் ஒரு திங்களுக்கு முன்பு வரை ஒருவனுக்கு மகளாய் இருந்தவர்கள் என்பது மட்டும் பின்னுக்குப் போய்விடுகிறது.

சொற்கள் நிற்கும் வரிசையை நோக்குக. உடைமையைச் சொல்லும்போது தந்தை முன்னும் மலை பின்னுமாக அமைகின்றன. இழப்பைச் சொல்லும்போது மலை முன்னும் தந்தை பின்னுமாக மாறி நிற்கின்றன. இருந்தபோது முதலில் நினைவுக்கு வந்தவன், இல்லாதபோது இறுதியாகவே நாவுக்கு வருகிறான். பாட்டும் அங்கேயே முடிந்துவிடுகிறது. 'மலை போயிற்று' என்று சொல்ல அவர்களால் முடிகிறது. 'அப்பா இல்லை' என்று சொல்வதற்கு மலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. இழவு வீட்டில் பழகியோர் இதனை எளிதில் உணர்வர். தந்தையைப் பறிகொடுத்த இளைஞன் முதலில் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுவான். தங்கையின் படிப்பைப் பற்றிப் பேசுவான். வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்பான். 'இவனுக்குத் துக்கமே இல்லையே' என்று உறவினர் சிலர் தமக்குள் பேசிக்கொள்வதும் உண்டு. அவன் மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். தந்தையிடம் இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொன்றும் நோக்கற்பாலது. பாட்டு முழுதும் பன்மையில் நடக்கிறது. இருவரும் சேர்ந்தே பேசுகின்றனர். அவர்களுடைய பெயர்கள் புறநானூற்றில் இல்லை. அங்கவை, சங்கவை என நாம் வழங்குவன பிற்கால மரபு தந்த பெயர்கள். இருவருள் மூத்தவள் யார், இளையவள் யார் என்பதும் பாட்டால் விளங்கவில்லை. உடன்பிறந்தார் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு ஒரே குரலாகப் பேசும் பேச்சு அது. கண்ணீர் என்ற சொல் அதில் இல்லை. 'ஐயோ' என்னும் அரற்றல் இல்லை. தந்தையின் புகழுரையும் இல்லை. இரண்டு நிலவுகளை ஒப்பிடும் ஒரு கணக்கு மட்டுமே உண்டு.

துயரம் காலக் கணக்காக வெளிப்படுவது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. சேக்சுபியரின் ஆம்லெத்து நாடகத்திலும் தந்தையை இழந்த இளவரசன் ஒருவன் வருகிறான். விட்டன்பர்க்கில் கல்வி பயின்று வந்தவன். தனிமையில் பேசும் முதற்பேச்சிலேயே அவன் மாதங்களை எண்ணுகிறான். தந்தை இறந்து இரண்டு மாதம் என்கிறான். இல்லை, அதுவும் இல்லை என்கிறான். பின்னர் ஒரே மாதம் என்கிறான். அரசவையோ அவனைப் பார்த்து, தந்தையர் இறப்பது இயற்கை, துக்கம் போதும் என்கிறது. இலக்கியங்கள் இரண்டும் வேறு வேறு நாட்டின. காலத்தாலும் மிகவும் அகன்றவை. ஆயினும் இளையோரின் நெஞ்சம் நாட்காட்டியையே பற்றிக்கொள்கிறது. ஒரு வேறுபாடும் உண்டு. ஆம்லெத்துக்கு உடன்பிறந்தார் இல்லை. அவன் எண்ணும் எண்ணிக்கை அவனைத் தனிமையிலும் வெஞ்சினத்திலும் கொண்டுபோய் விடுகிறது. பாரி மகளிர் இருவராக இருந்து எண்ணினர்.

குப்பைமேட்டின்மீது ஏறி நின்றவர்கள்

பாரி மகளிரின் பாட்டைப் படிப்போர் அதனை அடுத்துவரும் கபிலரின் பாட்டுகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். பாரியோடு தாமும் உயிர்விட எண்ணியவர் கபிலர். உடன்வர விடாமல் பாரி தம்மை நிறுத்திச் சென்றதைத் தாம் வடக்கிருந்தபோது பாடிய 236 ஆம் பாட்டில் அவரே நொந்து கூறுகிறார். நண்பனின் பெண்மக்களை அழைத்துக்கொண்டு பறம்பினின்றும் வெளியேறுகிறார்; மலையை நோக்கி விடைபெறுகிறார் (113). சிறிது தொலைவு சென்று திரும்பிப் பார்க்கிறார். மலை இங்கிருந்தும் தெரிகிறது, இன்னும் சற்றுத் தொலைவு சென்றாலும் தெரியும் என்கிறார் (114). ஊரை விட்டுப் புறப்பட்டோர் யாவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்த பார்வை அது. இந்தக் கபிலரின் பெயரால்தான் நம்மூர்க் கபில தீர்த்தம் அமைந்ததென்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. அது கபில முனிவர் பெயரால் வழங்குவது. எனினும் மலையடிவாரத்தில் கபிலர் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் பறம்பை விட்டு நடந்த கபிலரின் நினைவும் நமக்கு எழுகிறது.

நம் நெஞ்சை மிகவும் தைப்பது 116 ஆம் பாட்டு. அம்மகளிர் இப்போது ஏதோ ஓர் எளிய குடிலில் தங்கியிருக்கின்றனர். முள்வேலி சூழ்ந்த முற்றம். சுரையும் பீர்க்கும் படர்ந்த புறம். அங்கே ஈச்ச இலைகள் குவிந்த குப்பைமேட்டின்மீது ஏறி நின்று, வழியே செல்லும் உப்பு வணிகரின் வண்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகின்றனர். கபிலர் அதனைப் பார்க்கிறார். முன்பு இவர்கள் தந்தையின் உயர்ந்த மலைமீது ஏறி, அவன் அருமை அறியாது போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அல்லவா என்று எண்ணி உடைகிறார்.

மலை போய்க் குப்பைமேடு வந்தது. குதிரை போய் உப்புவண்டி வந்தது. எண்ணுதல் மட்டும் போகவில்லை. கபிலர் இதனைத் தாழ்வாகக் காண்கிறார். அவர் கண்ணுக்கு அது அவ்வாறே தோன்றும். அவர் இழந்தது நண்பனை, கண்டிருந்தது அவனுடைய பெருவாழ்வை. அம்மகளிரின் பக்கத்திலிருந்து இதனையே வேறு விதமாகவும் நோக்கலாம் என்பது நம் கருத்து. தந்தை இருந்த நாளில் செய்த ஒரு சிறு விளையாட்டை, கிடைத்த மேட்டின்மீது ஏறி, கண்ணிற்படுவதை வைத்துக்கொண்டு அவர்கள் தொடர்கின்றனர். அழுதுகொண்டிருந்தார்கள் என்று கபிலர் பாடவில்லை. இனிய நகையுடையவர் என்றே அவர்களைக் குறிக்கிறார். துயரத்தின் நடுவே இளையோர் சிரிப்பர், விளையாடுவர், திரைப்படம் பார்ப்பர், நண்பரோடு கிரிக்கெட் ஆடப் போவர். பெரியோர்க்கு அது மனத்தை உறுத்துகிறது. பாட்டுக்குள் நோகின்றவர் கபிலர், எண்ணிக்கொண்டிருப்பவர் பிள்ளைகள். இவ்விரண்டையும் ஒரே பாட்டில் வைத்த உண்மைக்காகக் கபிலரை நாம் வணங்க வேண்டும்.

காப்பாளராகிய கபிலரின் நிலையும் எளிதன்று. விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அம்மகளிரை மணந்துகொள்ளுமாறு அவர் வேண்டிய பாட்டுகள் (200, 201, 202) உள்ளன. வேண்டுகோள் நிறைவேறவில்லை. பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்னும் செய்தியைத் திருக்கோவலூரில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. இத்தனை வேண்டுதல்களுக்கு இடையில் அம்மகளிரின் விருப்பம் யாது என்று கேட்கும் பாட்டு ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. தந்தையை இழந்த பெண்பிள்ளைக்கு ஓராண்டுக்குள் மணம் முடித்துவிட வேண்டும் என்று இன்றும் உறவினர் விரைகின்றனர். நல்லெண்ணம்தான். ஆயினும் அவளை ஒரு சொல் கேட்டுவிட்டு விரையலாம்.

அக்காளும் தம்பியும்

உடன்பிறந்தாரின் துயரைத் தமிழில் முழுமையாகப் பாடியவர் சேக்கிழார். பெரியபுராணத்தைப் பத்திநூலாகவே படித்துப் பழகிய நமக்குத் திருநாவுக்கரசர் புராணத்தின் முற்பகுதி ஒரு குடும்பத்தின் துயரவரலாறு என்பது எளிதில் புலப்படுவதில்லை. திருவாமூரில் புகழனார் நோயுற்று மறைகிறார். மாதினியார் கணவரோடு உயிர் துறக்கிறார். திலகவதியாரும் தம்பி மருள்நீக்கியாரும் எஞ்சுகின்றனர். அந்தத் துயர் ஆறுமுன் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி வருகிறது. அவருக்கே உரியவள் யான் என்று திலகவதியார் உயிர்விடத் துணிகிறார்.

அப்போது தம்பி அக்காளின் அடிகளில் விழுந்து அழுகிறான். தாயும் தந்தையும் போன பின்னும் நான் இருப்பது உம்மை வணங்கலாம் என்னும் எண்ணத்தால்தான். நீரும் போவதானால் உமக்கு முன் நான் போவேன் என்கிறான். அக்காள் தங்கிவிடுகிறாள். தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்னும் ஒன்றே அவளுடைய உயிரை நிறுத்தியது. ஆறுதல் சொல்ல வந்த சுற்றத்தாரால் இயலாததை, அழுத சிறுவன் செய்து முடித்தான். ஒருவனுக்குத் தேவையானவராக இருத்தல் என்பது துயருற்றோர்க்கு எத்துணைப் பெரிய பற்றுக்கோடு என்பதைச் சேக்கிழார் உரையாடலாகவே வைத்துக் காட்டிவிட்டார்.

பின்னர் நிகழ்வது இன்னும் உண்மையானது. இருவரும் ஒரே இழப்பைச் சுமந்தவர்கள். சுமந்த முறை வேறு. அக்காள் அணிகளை நீக்கி, எவ்வுயிர்க்கும் அருள் பூண்டு, மனையிலே தவமிருந்தாள். தம்பியோ நிலையாமையை உணர்ந்து செல்வத்தை வாரி வழங்கினான், தண்ணீர்ப்பந்தல் வைத்தான், சோலை வளர்த்தான், குளம் தொட்டான், விருந்து ஓம்பினான். அதுவும் போதாமல் மெய்ந்நெறி எது என்று தேடி வீட்டைவிட்டு வெளியேறிச் சமணம் புகுந்தான். தருமசேனர் என்ற பெயரும் தலைமையும் பெற்றான். பத்தியுரைகள் இதனைச் சமயப் பூசலாகவே விளக்கும். நமக்கோ, இளமையிலேயே பெற்றோரையும் அக்காளின் மணவாழ்வையும் ஒருசேர இழந்த ஒருவன், இறப்புக்குப் பொருள் கேட்டு ஊர் ஊராக அலைந்தான் என்பதும் இதில் தெரிகிறது. இன்றைய இளைஞர் சிலர் தந்தையை இழந்தபின் திடீரென வேலையை விடுவர், கொள்கை மாறுவர், புதிய கூட்டம் ஒன்றில் சேர்வர். குடும்பம் அதனைக் கெட்டுப்போதல் என்று பெயரிடும்.

திலகவதியார் தம்பியைத் துரத்திச் சென்று மீட்கவில்லை. திருவதிகைக்குச் சென்று திருவலகிட்டு, மெழுகி, மலர் பறித்துத் தொண்டு செய்துகொண்டு, தம்பிக்காக இறைவனை வேண்டிக் காத்திருந்தார். சூலைநோய் வந்து தம்பி ஆள் அனுப்பியபோதும் சமணர் இடத்துக்கு வரமாட்டேன் என்று உறுதியாகக் கூறினார். இரவோடு இரவாக அவனே வந்து அடியில் விழுந்தபோது திருநீறு அளித்து ஏற்றார். எங்கே போனான், ஏன் போனான் என்று கேட்டு நெஞ்சைப் புண்படுத்தியதாகச் சேக்கிழார் பாடவில்லை. திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தது. அவ்விடத்தில் ஒருவர் இருந்தார். துயருற்ற தம்பிக்கு அக்காள் செய்யக்கூடிய உதவி இதனினும் மேலானது வேறில்லை.

தொலைவில் இருந்தவர்கள்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு மற்றொரு துயரமும் நன்கு தெரியும். இறந்த செய்தி இறந்ததாக வருவதில்லை. 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வா' என்றே தந்தி வந்த காலம் உண்டு. தந்திப் பணி 2013 இல் நின்றுவிட்டது. இன்று கைப்பேசியில் அதே சொற்கள் வருகின்றன. சித்தூரிலிருந்து காட்பாடி சென்று இரயில் ஏறுகிறவன், வழி நெடுகிலும் அச்செய்தியின் உண்மைப் பொருளைத் தானே ஊகித்துக்கொண்டு போகிறான்.

கம்பன் காட்டும் பரதன் இத்தகையவன். கேகய நாட்டில் பாட்டனார் அரண்மனையில் இருந்த அவனுக்கு ஓலை வருகிறது. தந்தை நலமா என்று தூதரைக் கேட்கிறான், நலமே என்கின்றனர். பரதன் மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சியே பின்னர் அவனுக்குக் கொடுமையாகிறது. அயோத்திக்குள் நுழையும்போது நகரம் பொலிவிழந்து கிடக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. தந்தை இருக்கும் இடத்தில் தந்தையைக் காணவில்லை. முடிவில் தாய் சொல்கிறாள். சொல்லிய கையோடு வருந்தாதே என்கிறாள். அதன்பின் வசிட்டர் வாயிலாக இன்னோர் அடி விழுகிறது: தயரதன் பரதனை மகன் அல்லன் என்று நீக்கிவிட்டமையால் இறுதிக்கடன் செய்யும் உரிமை அவனுக்கு இல்லை. சத்துருக்கனனே கடன் செய்கிறான். குற்றமற்ற மகன் ஒருவன் ஈமத்தருகே கைகட்டி நிற்கும் அவ்விடம் கம்பராமாயணத்தின் மிகக் கொடிய இடங்களுள் ஒன்று. ஊருக்கு வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது என்று கேட்ட பிள்ளைகளுக்கு, பரதன் நின்ற நிலை விளக்கமின்றியே விளங்கும்.

வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. காந்தியடிகள் தம் பதினாறாம் வயதில், 1885 இல், தந்தையை இழந்தார். பணிவிடை செய்துவந்தவர், உயிர் பிரிந்த நொடியில் அருகில் இல்லாமற் போனதைத் தன்வரலாற்றில் தீராத குற்றவுணர்வோடு எழுதியுள்ளார். இங்கிலாந்தில் சட்டம் பயின்று 1891 இல் பம்பாயில் வந்து இறங்கியபோது தாய் மறைந்துவிட்ட செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது. வேற்று நாட்டில் இருக்கும் தம்பிக்கு அதிர்ச்சி வேண்டாம் என்று தமையனார் மறைத்து வைத்திருந்தார். தந்தையின் மறைவைவிட இதுவே பெரிய துயரமாக இருந்தது என்றும், ஆயினும் கண்ணீரையும் அடக்கிக்கொண்டு எதுவும் நடவாததுபோல் வாழ்க்கையில் இறங்கியதாகவும் அவர் எழுதுகிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அழாதவனுக்குத் துக்கம் இல்லை என்று கருதுவோர் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நலம். அன்பினால் மறைத்தாலும் மறைத்தல் மறைத்தலே என்பதும் இதனால் விளங்கும். பரதனிடம் 'நலமே' என்று சொன்ன தூதரும் கெட்ட எண்ணத்தினர் அல்லர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து

பாரதியார் 1882 இல் பிறந்தவர். ஐந்தாம் வயதில், 1887 இல், தாயை இழந்தார். 1898 இல் தந்தை சின்னசாமி ஐயரும் மறைந்தார். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கி அதில் பொருளையெல்லாம் இழந்து நொந்த நிலையில் நேர்ந்த மறைவு அது. ஓராண்டுக்கு முன்னரே மணமாகியிருந்த அந்தப் பதினைந்து வயது இளைஞர், காசியில் இருந்த அத்தை குப்பம்மாளிடம் சென்று சேர்ந்தார். 1902 வரை அங்கிருந்தார். வடமொழியும் இந்தியும் கற்றார். வேற்று மொழி வழங்கும் ஊரில் வளர்ந்து நின்ற தமிழ் இளைஞர் என்ற வகையில் அவர் நமக்கு உறவு.

தந்தையின் மறைவைப் பற்றி அவர் விரிவாகப் பாடியது 1910 இல், புதுவையில் இருந்தபோது. 'கனவு' என்னும் தலைப்பில் வெளிவந்து, பின்னர்ச் சுயசரிதை என்று வழங்கும் பாட்டு அது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு துயரம் சொல்லாகாமல் கிடந்திருக்கிறது. அப்பாட்டில் தந்தையின்பால் அன்பு உண்டு. அவர் செல்வத்தை வெள்ளையரின் சூழ்ச்சியால் இழந்தார் என்னும் சினம் உண்டு. தம் விருப்பத்துக்கு மாறாக ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாரே என்னும் மனக்குறையும் உண்டு. அக்கல்விக்குத் தந்தை செலவிட்ட தொகையையும் தாம் பெற்ற தீமையையும் எண்ணிச் சொல்கிறார். இங்கேயும் ஓர் எண்ணிக்கை!

இறந்த தந்தையைக் குறைகூறுதல் தகாது என்பது நம் வழக்கு. ஆனால் உண்மையான தந்தையர் குறையுடையவர்கள். பிள்ளை ஒருவன் தந்தையின்மேல் கொண்ட சினத்தைச் சொல்ல முடியாமற் போனால் அன்பையும் சொல்ல முடியாமற் போகும். பாரதியார் இரண்டையும் ஒரே பாட்டில் சொல்லி முடித்தார். பாரி மகளிர் ஒரு திங்களில் பாடினர். பாரதியார்க்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒருவர்க்கு உரிய காலம் மற்றவர்க்கு அளவுகோல் ஆகாது.

இன்றைய ஆய்வும் நம் இலக்கியமும்

மேலைநாட்டு உளநூலார் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். துயரம் என்பது இறந்தவரிடமிருந்து மனத்தைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்ளும் வேலை என்று பிராய்டு 1917 இல் எழுதினார். எலிசபெத்து கூப்ளர் இராசு என்னும் மருத்துவர் 1969 இல் வெளியிட்ட நூலில் கூறிய ஐந்து நிலைகள் பெரும்புகழ் பெற்றன. அவை சாவை எதிர்நோக்கிய நோயாளரிடம் கண்டவை என்பதை மறந்து, துயருற்றோர் எல்லாரும் படிப்படியாக ஏற வேண்டிய படிகள் என்று பலர் கருதிவிட்டனர். 1996 இல் கிளாசு, சில்வர்மன், நிக்மன் ஆகியோர் தொகுத்த நூல், இறந்தவரோடு கொண்ட பிணைப்பு அறுந்துபோவதில்லை, வேறு வடிவில் தொடர்கிறது என்று வற்புறுத்தியது. திவசமும் அமாவாசைத் தர்ப்பணமும் செய்து பழகிய நமக்கு இது புதுமையன்று. உப்புவண்டியை எண்ணிய மகளிரும் அதனையே செய்தனர்.

அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2022 இல் திருத்தி வெளியிட்ட நோய்வரையறை நூலில், வளர்ந்தவர்க்கு ஓராண்டு கழிந்த பின்னும் அன்றாட வாழ்வு நடத்த முடியாதபடி நீடிக்கும் துயரையே நோயெனக் கொள்ள இடம் தரப்பட்டுள்ளது. ஓராண்டு மலையேறாதிருத்தல் என்னும் நம் வழக்கத்தை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். ஓராண்டுக்கு இவ்வீட்டாரிடம் விழாவை எதிர்பாராதீர் என்று ஊருக்கு விடுத்த அறிவிப்பாகவே நாம் அதனைக் கொள்கிறோம். அதே வேளையில், உணவும் உறக்கமும் இழந்து, உயிர்மேல் வெறுப்புற்றுப் பேசும் பிள்ளையை ஓராண்டு முடியட்டும் என்று விட்டுவைத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. திலகவதியாரின் உயிர்விடும் துணிவைத் தம்பி அந்நொடியிலேயே தடுத்தான்.

நம் அலுவலக மேசையில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டுள்ளோம். பணியில் இருக்கும்போதே மறைந்தவரின் மகனோ மகளோ குடும்ப ஓய்வூதியத்துக்கும் கருணை அடிப்படையிலான வேலைக்கும் படிவம் நிரப்ப வருவர். இவ்வேலைக்கு ஒதுக்கப்படுவது நேரடி நியமனக் காலியிடங்களில் நூற்றுக்கு 5 மட்டுமே ஆதலின் காத்திருப்போர் பலர். படிவத்தில் தந்தை பெயர் என்னும் இடம் வரும்போது எழுதுகோல் நின்றுவிடும். 'காலஞ்சென்ற' என்னும் சொல்லைத் தந்தையின் பெயருக்கு முன் முதன்முதலாகத் தம் கையால் எழுத வேண்டிய இடம் அது. இந்தத் திங்களில் தந்தை இல்லை என்று பாரி மகளிர் பாட்டை முடித்த இடமும் அதுவே. அப்போதெல்லாம் வேறு கோப்பு ஒன்றைப் பார்ப்பதுபோல் நாம் சற்று முகத்தைத் திருப்பிக்கொள்வோம். விரைவாக எழுது என்று சொல்வதில்லை.

ஒருமுறை அவ்வாறு வந்த இளைஞன் ஒருவன், வேலை முடிந்த பின்னும் போகாமல் நின்றான். பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து, 'ஐயா, அப்பா எழுதியது. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கொஞ்சம் படித்துச் சொல்கிறீர்களா?' என்று கேட்டான். நாம் படித்தோம். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் அவன் கல்லூரிக்குக் கட்டிய பணத்தின் கணக்கும்தான் அதில் இருந்தன. ஒவ்வொரு வரியையும் மறுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

1953 இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோதும் 1960 இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும் எல்லையைப் பற்றி நாம் பேசியது மிகுதி; பேசவேண்டியதும்தான். ஒரு வீட்டுக்குள் தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுத்து ஓர் எல்லையாக நிற்பதை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நம் சங்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் தமிழெழுத்துக் கற்பிப்பது சங்க நூல்களைப் படிப்பதற்காக என்று மேடையில் சொல்லுகிறோம். அதற்கும் முன்னதாக, ஒருநாள் தந்தையின் கையெழுத்தில் உள்ள மளிகைக் கணக்கைத் தாமே படித்துக்கொள்வதற்காகவும் அது பயன்படும். எண்ணுவதற்கு ஏதேனும் ஒன்று எஞ்சியிருந்தால் பிள்ளைகள் எப்படியோ எண்ணிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். குப்பைமேட்டின்மீது ஏறி நின்ற அந்த இருவர் அதற்குச் சான்று.